கட்டணமில்லா நகல்

கரண்ட் போய் ஏழு நிமிஷம் ஆகிறது, இன்னும் வரவில்லை, வராமலே இருந்தால் நல்லது. இந்த நகராட்சிக் கட்டடத்தில் இப்படி நினைக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எதிர்ப்பக்கம் சொத்து வரி கட்ட வந்தவர்கள் ரசீதால் விசிறிக்கொண்டு மின்வாரியத்தை ஏழு தலைமுறைக்குத் திட்டுகிறார்கள். நான் மட்டும் கடைசிச் சுற்றை முடித்து நின்ற மின்விசிறியைப் பார்த்து, அங்கேயே நில் தாயே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் இல்லையென்றால் கம்ப்யூட்டர் இல்லை, பிரிண்டர் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை. யு.பி.எஸ். பேட்டரி போன வருஷமே செத்துவிட்டது, புதுசு கேட்டு நான்தான் மூன்று முறை எழுதிப் போட்டேன், நல்லவேளை யாரும் வாங்கித் தரவில்லை. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் அரசாங்கத்தின் மெத்தனத்துக்கு நான் நன்றி சொல்வது இதுதான் முதல் தடவை. மேஜையில் அந்தக் கடிதம் கிடக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் முத்திரை, மூன்று கையெழுத்து, ஓரத்தில் பின் அடித்த ஒரு போட்டோ. மேற்படி குழந்தை குழுவின் பராமரிப்பில் உள்ளதால் தேடுதல் கட்டணம், நகல் கட்டணம், பெயர் சேர்ப்புக் கட்டணம் ஆகிய எவ்விதக் கட்டணமும் இன்றி உடன் வழங்குமாறு. உடன் என்பதற்கு அடியில் யாரோ பேனாவால் கோடு வேறு போட்டிருக்கிறார்கள். கட்டணம் இருந்தால் ஆயிரம் வழி உண்டு. கவுண்டர் மூடியாச்சு, நாளைக்கு வாங்க என்று சொல்லலாம். ரசீதில் வருஷம் தப்பாக இருக்கிறது, திருத்தி வாங்கிட்டு வாங்க என்று சொல்லலாம். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சில நாள் சோம்பலில், சில நாள் வெறும் கடுப்பில். இன்று நிஜமாகவே ஒருத்தரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது, இன்று பார்த்து ஒரு பைசா கிடையாது என்கிறார்கள்.

கடிதத்தைக் கொண்டுவந்த பெண் பெனிலா, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் களப்பணியாளர், இருபத்தாறு வயதிருக்கும், துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டு ஓடி ஓடி வேலை பார்க்கிற ஜாதி. “நாலு நாளா அலைஞ்சு இந்த லெட்டர வாங்கியிருக்கேன் மேடம். முன்னால எல்லாம் எங்க கைக்காசப் போட்டுக் கட்டுவோம். இப்பக் குழுவுலயே எழுதிக் குடுத்திருதாங்க, பிள்ளைக்கு ஒரு செலவும் இல்ல” என்று பெருமையாகச் சொன்னாள், நானும் தலையை ஆட்டினேன், நல்ல காரியம்தானே, யார் இல்லை என்றார்கள். என்ன அவசரம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, பதில் எனக்கு மத்தியானமே தெரியும். “நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை இருக்கு மேடம். அவங்க அப்பா பிள்ளையக் கேட்டு மனு போட்டிருக்காரு. அப்பாதான்னு காட்டப் பிறப்புச் சான்றிதழ் கேக்குதாங்க. அது ஒண்ணு வந்துட்டா நாளைக்கே ஒப்படைச்சிருவாங்க.” பிள்ளை போகிறேன் என்கிறதா என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அதுதான் மேடம், வாயே திறக்க மாட்டேங்குது. ரெண்டு மாசம் முன்னாடி ராத்திரி பஸ் ஸ்டாண்டுல தனியா நின்னுச்சுன்னு போலீஸ்ல கொண்டாந்து விட்டாங்க. ஏன் வந்தேன்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்கிடுது. வாயத் திறந்து சொன்னாத்தான எழுத முடியும்? சொல்லாதத எப்படி மேடம் எழுத?” எழுதலாம் பாப்பா, பேஷாக எழுதலாம். நடக்காததையே எழுதலாம், எழுதினால் அது நடந்ததாகிவிடும், பத்து வருஷமாக அது ஒரு பீரோவுக்குள் உண்மையாகவே உட்கார்ந்திருக்கும். இதை அவளிடம் சொல்லவில்லை. கரண்ட் வரட்டும்மா, போட்டுத் தருகிறேன் என்றேன்.

அவள் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறாள், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் ஜெனரேட்டர் உள்ள கடை. “பிள்ள இங்கயே இருக்கட்டும், நீங்க இருக்கீங்கல்லா மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் இருக்கிறேன். பிள்ளையும் இருக்கிறாள், எதிர் பெஞ்சில், விளிம்பில், பத்து வயசுக்கு இளைத்த உடம்பு, ஹோமில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்ட ரெட்டை ஜடை. ஆஸ்பத்திரியில் செக்கப் முடித்து அப்படியே கூட்டிவந்திருக்கிறார்கள், கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. வந்து உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, இரண்டையும் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். எழுந்தால் திரும்பி நிற்காமல் அப்படியே மாட்டிக்கொண்டு ஓடலாம், அதற்குத்தான். பார்க்காத மாதிரி ஸ்டாம்ப் பேடை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். தண்ணி வேணுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு, அவளாகவே, வாய் திறக்காது என்றார்களே அந்தப் பிள்ளை, “இங்க எத்தன வாசல் மேடம்?” என்று கேட்டாள். ஒண்ணுதான், நீங்க ஏறி வந்த மாடிப்படி வாசல், மேல் மாடிக்கும் அதே படிதான் என்றேன். என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கதவைக் காட்டி, “அது?” என்றாள். அது ரெக்கார்டு ரூம், பழைய நோட்டெல்லாம் கிடக்கும், அதுக்குள்ள போனா வேற வழி கிடையாது. அவள் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்தாள். “உள்ளுக்குத் தாப்பா இருக்கா?” என்றாள். இல்லட்டி, வெளியேதான் பூட்டு, பகல்ல பூட்ட மாட்டோம் என்று சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது. பத்து வயதுப் பிள்ளை ஒரு அறையைப் பார்த்து முதலில் கேட்க வேண்டிய கேள்வியா அது.

போன் மேஜைமேல் நடுங்குகிறது. மறுபடியும் அவன்தான். சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறேன், அது அதிர்ந்து அதிர்ந்து கடிதத்தின் மேல் ஏறி போட்டோவின் பக்கத்தில் போய் நிற்கிறது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது முதல் தடவை அடித்தான். “மேடம், காசிராஜன் பேசுதேன். மறந்திருக்க மாட்டீங்க” என்றான். மறக்கவில்லை. “ஒரு லெட்டர் வரும். பீஸ் கூடக் கிடையாதாம்லா. குடுத்து விட்ருங்க.” கையில் பிசைந்த தயிர்ச்சோறு காய்ந்துகொண்டிருந்தது. “என்ன மேடம், சத்தத்தையே காணும்? பயப்படாதீங்க. என் கையெழுத்தும் உங்க கையெழுத்தும் ஒரே வரியிலதான இருக்கு. எனக்கு ஒண்ணுன்னா உங்களுக்கும் ஒண்ணு.” சிரித்தான், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாதிரி இதமான சிரிப்பு. “என் பிள்ளைய எப்படிப் பாத்துக்கிடணும்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஐந்து தடவை அடித்துவிட்டான். கீழே டீக்கடையில் நின்றுகொண்டு அடிக்கிறானோ என்று ஒருமுறை ஜன்னல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். வெயிலில் வரிசையாக வண்டிகள் நின்றன, ஆளைத் தெரியவில்லை. தெரியாததுதான் இன்னும் மோசம்.

நான் கெட்டவள் இல்லை. இதை யாரிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை, மின்விசிறியிடம் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் முன்னால் ஃப்ளோரா சிஸ்டர் வந்து இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள், தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ், மாசாமாசம் பிறப்புப் படிவக் கட்டுக் கொண்டுவருகிறவள், எனக்கு நல்ல பழக்கம். நவநீதம், ஒரு புண்ணிய காரியம், என்றாள். கல்யாணமாகாத பிள்ளை ஒன்று பெற்றுப் போட்டிருக்கிறது, வேண்டாம் என்கிறார்கள், குப்பைத்தொட்டியில் போய்விடும், இங்கே ஒரு புருஷன் பெண்டாட்டி பதினாலு வருஷமாகக் கோயில் கோயிலாக ஏறுகிறார்கள், தத்து எடுக்கிறதென்றால் வரிசையில் நின்று கிழவியாகிவிடுவாள், வீட்டுப் பிரசவம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் மூன்று உயிர் பிழைத்துப் போகும். அந்தப் பெண்டாட்டி இந்திராணி இதே பெஞ்சில் உட்கார்ந்து, துண்டில் சுற்றிய பிள்ளையை மூக்கால் மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் கல்லும் எழுதிக் கொடுத்திருக்கும். பக்கத்தில் காசிராஜன் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றான். நான் எழுதினேன். வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு, பெண், தந்தை காசிராஜன், தாய் இந்திராணி, வீட்டுப் பிரசவம், தகவல் தருபவர் தந்தை. இருபத்தொரு நாளுக்குள் வந்ததால் அன்றைக்கும் கட்டணம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு எல்லாமே இலவசமாகத்தான் அமைந்திருக்கிறது. எனக்கு ஒரு டப்பா அல்வா வந்தது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் பிறந்த நாளுக்கு இந்திராணியே கொண்டுவந்து தருவாள், தன்யஸ்ரீ நடக்கிறாள், தன்யஸ்ரீ பேசுகிறாள், தன்யஸ்ரீக்கு அம்மை போட்டுவிட்டது. ஆறாவது வருஷம் அல்வா வரவில்லை. இந்திராணி செத்துப்போனாள் என்று யாரோ சொன்னார்கள். நான் துக்கம் கேட்கப் போகவில்லை. பிள்ளை யாரோடு இருக்கிறது என்று கேட்கவில்லை. அப்பாடா, இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அதுதான் உண்மை, அப்படித்தான் நினைத்தேன், சர்க்கரை ஏறிக்கிடக்கிற உடம்புக்கு அல்வா எதற்கு என்று சிரித்தும்கொண்டேன்.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பிரசவத்துக்குப் படிவம் வராது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஃப்ளோரா சொல்லியிருந்தாள். அவள் லீவில் போன மாசம் வேறு யாரோ கட்டைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். அறுபது எழுபது படிவம், ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து பெயர்த்து எழுதினேன். என் மேஜையில் ஒரு படிவம் தவறியதில்லை என்பது எனக்கு இருந்த ஒரே கர்வம். அந்தக் கர்வம்தான் எழுதியது. கண் பார்த்தது, கை எழுதியது, மூளை வீட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் சுரீர் என்றது. மறுநாள் ஓடிவந்து பார்த்தால் முந்நூற்று நாற்பத்தேழு, பெண், தாய் இசக்கியம்மாள், வயது பதினெட்டு, தந்தை என்ற கட்டத்தில் ஒரு கோடு, குழந்தையின் பெயர் என்ற கட்டம் காலி. என் கையெழுத்து, நல்ல உருண்டையான கையெழுத்து. அந்தப் பதிவை அடிக்க வேண்டுமென்றால் தலைமை எழுத்தர் காரணம் கேட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என்ன காரணம் சொல்ல. விட்டுவிட்டேன். ஒரே பிள்ளை ஒரே நோட்டில் இரண்டு தடவை பிறந்துவிட்டது. அந்த இரண்டாவது பிறப்பைக் கேட்டு இதுவரை ஒருத்தரும் வரவில்லை. இனியும் யாரும் பார்க்கப்போவதில்லை, ஏனென்றால் எங்கள் தேடுதல் அப்படி, கேட்ட பெயர் கிடைத்ததும் நோட்டை மூடிவிடுவோம், கிடைத்த பிறகு எவன் தேடுகிறான். இருநூற்றுப் பன்னிரண்டில் நிறுத்திக்கொண்டால் முடிந்தது. எட்டு மாசத்தில் நான் ரிடையர்டு ஆகிவிடுவேன். வீட்டில் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன என் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார், அவர் மாத்திரையெல்லாம் என் பென்ஷனை நம்பித்தான் இருக்கிறது. ரிடையர்மெண்ட் சமயத்தில் சஸ்பெண்ட் ஆனவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஃபைலைத் தூக்கிக்கொண்டு இதே மாடிப்படியில் ஏறி இறங்கி, கடைசியில் பியூனுக்கே வணக்கம் வைக்கிற நிலைமைக்கு வந்துவிடுவார்கள். அதற்கு மேல் போலீஸ், கோர்ட், பேப்பரில் போட்டோ. வேண்டாம் சாமி.

எதிர்ப்பக்கம் ஒருத்தர் திடீரென்று கத்தினார், எவ்வளவு நேரம்தான் நிக்கிறது, கையால எழுதிக் குடுக்க மாட்டீங்களா என்று, வெறும் வரி ரசீதுக்கு, வேறொன்றும் இல்லை. நான் திரும்பி அவரை ஒரு முறை முறைத்துவிட்டுப் பார்த்தால் பெஞ்சு காலி. செருப்பு மட்டும் இருக்கிறது, இரண்டும் வாசலைப் பார்த்தபடி. எழுந்து ஓடினேன். மாடிப்படியில் இல்லை, பாத்ரூம் பக்கம் இல்லை, கீழே இறங்கியிருந்தால், கீழே அவன் நின்றிருந்தால். அப்புறம்தான் ரெக்கார்டு ரூம் கதவு ஒருக்களித்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே இருட்டு, பழைய காகித நெடி, கரப்பான் மருந்து நெடி. போன் வெளிச்சத்தைப் போட்டால் இரண்டாவது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு ஆள் நுழைய முடியாத சந்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், மூச்சுச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. இது இன்றைக்குப் பழகினது இல்லை. நான் கீழே உட்கார்ந்தேன், முட்டி வலியோடு, அவளுக்கு எதிரே தரையில். அவர் வரிக்குக் கத்துறாரு, உன்னைய இல்ல என்றேன். கையை எடுத்தாள். “கரண்ட் வந்தா போயிருவோமா மேடம்?” ஆமாம். “ஹோமுக்கா?” இன்னிக்கு ஹோமுக்குத்தான். “நாளைக்கு?” போன் வெளிச்சத்தை அவள் கண்ணில் படாமல் தரைக்குத் திருப்பினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, ஏதோ பள்ளிக்கூடத்து விஷயம் சொல்கிற மாதிரி, “அங்க என் ரூமுக்குத் தாப்பா கிடையாது. அம்மா இருக்கும்போது இருந்துச்சு. அவரு கழத்திட்டாரு” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது. அவள் தலைக்கு மேலே மூன்றாவது தட்டில்தான் அந்த வருஷத்து நோட்டு இருந்தது, சிவப்பு காலிகோ துணி அட்டை, நான் எடுத்தேன், புழுதி அவள் தலையில் விழுந்தது, ஜடையைத் தட்டிவிட்டேன். எடுத்துக்கொண்டு வெளியே வருகிற ஆறு அடிக்குள் மூன்று தடவை மனசை மாற்றிக்கொண்டேன். பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன. பிள்ளை ஹோமிலேயே இருக்கும், நானும் பிழைத்துக்கொள்வேன். ஆனால் காசிராஜன் கையில் பழைய நகல் ஒன்று இல்லாமலா இருக்கும், நாளைக்கு அதை நீட்டினால் முடிந்தது கதை. பக்கத்தைக் கிழித்துவிட்டால் என்ன. கிழித்த நோட்டு கிழிக்காத நோட்டைவிட அதிகம் பேசும். முந்நூற்று நாற்பத்தேழைக் காட்டினால், அந்த இசக்கியம்மாள் என்ன ஆவாள், இப்போது இருபத்தெட்டு வயசு, எங்கேயோ ஒரு ஊரில் புருஷனோடும் பிள்ளைகளோடும் இருப்பாள், திடீரென்று வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றால். இந்த இசக்கியம்மாள்மேல் எனக்குப் பத்து வருஷமாக வராத அக்கறை இன்றைக்கு வருகிறது பாருங்கள், என்ன நவநீதம், யாரை ஏமாற்றுகிறாய். அந்தப் பெண்ணைச் சாக்கு வைத்து இன்னொரு பெண்ணை அந்த வீட்டுக்குள் அனுப்பப் பார்க்கிறாய், வெட்கமாக இல்லையா. வெட்கமாகத்தான் இருந்தது. பயமும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது கரண்ட் வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் ஆ என்று ஒரு சந்தோஷ சத்தம், மின்விசிறி ஒரு முக்கு முக்கிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது, பிரிண்டர் தானாகவே தொண்டையைச் செருமிக்கொண்டு பச்சை விளக்கைப் போட்டது. சரியாக மூன்று ஐம்பது. கம்ப்யூட்டரைப் போட்டேன், பாஸ்வேர்டு கேட்டது, கை தானாக அடித்தது, வருஷம் கேட்டது, அடித்தது, வரிசை எண் கேட்டது. இரண்டு, ஒன்று, இரண்டு. சத்தியமாக நான் அடிக்கவில்லை, முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் அடித்தது. திரையில் வந்து நின்றார்கள், தந்தை காசிராஜன், தாய் இந்திராணி, குழந்தை தன்யஸ்ரீ, பார்க்க லட்சணமான குடும்பம். அச்சிடவா என்று கேட்டது. ஒரு விரல். இந்த விரலை வைத்தால் நாலு மணிக்குப் பதிவாளர் தேவசகாயம் சார் மீட்டிங் முடித்து மேல் மாடியிலிருந்து இறங்கி வந்து கையெழுத்துப் போடுவார், பெனிலா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போவாள், நாளைக்குப் பதினோரு மணி, அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எவ்வளவு சுகமான வாக்கியம், அதை மெத்தையாகப் போட்டுத்தான் நாலு வருஷம் தூங்கினேன். போன் மறுபடி நடுங்கியது. பிள்ளை ரெக்கார்டு ரூம் வாசலில் நின்று போனைப் பார்த்தாள், அதில் ஒளிர்ந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பது தெரிந்தது. வாசித்து முடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை, இவளும் அப்படித்தானா என்று பார்த்தாள், அவ்வளவுதான். நான் விரலை எடுத்தேன்.

பெனிலா ஜெராக்ஸோடு மூச்சு வாங்க ஏறிவந்தாள். வந்துட்டுதா மேடம் என்றாள். உக்காரு பாப்பா என்று நோட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். இருநூற்றுப் பன்னிரண்டில் விரலை வைத்தேன், பிறகு பக்கத்தைப் புரட்டி முந்நூற்று நாற்பத்தேழில் வைத்தேன். ரெண்டும் இந்தப் பிள்ளைதான் என்றேன், முதல் வரி பொய், அடுத்தது நிஜம், ரெண்டும் என் கையெழுத்து. அவள் முதலில் புரியாமல் சிரித்தாள், இரண்டாவது தடவை படித்தாள், சிரிப்பு நின்றது. “அப்ப அந்த ஆளு…” என்றாள். அப்பா இல்லை, நான் எழுதிக் கொடுத்த அப்பா, அந்த வீட்டில் அவள் ரூமுக்குத் தாழ்ப்பாள் கூடக் கிடையாது, அவன்தான் கழற்றினான், அவளே சொன்னாள், இதையும் எழுதிக்கொள், இப்போது சொன்னதைத்தான் எழுதச் சொல்கிறேன் என்றேன். பெனிலா பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ஏறிவந்தபோது இருந்த மரியாதை அந்தப் பார்வையில் இல்லை. “நான் இத ரிப்போர்ட் பண்ணணும் மேடம்” என்றாள். பண்ணு, சார் மேலதான் இருக்காரு, கூட்டிட்டு வா என்றேன். செல்போனில் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்தாள், வரிசை எண் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள், ரெண்டே நிமிஷம் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு மேல் மாடிக்கு ஓடினாள்.

பிள்ளை மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “இதுல எம் பேரு எங்க மேடம்?” என்றாள். இருநூற்றுப் பன்னிரண்டைக் காட்டினேன். தன்யஸ்ரீ. “அது அவரு வெச்சது” என்று நகர்ந்தாள். இன்னொரு பக்கத்தைப் புரட்டினேன். அம்மா பெயர் என்ற இடத்தில் இசக்கியம்மாள் என்று இருந்ததைப் படித்தாள், உதடு மட்டும் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. காலிக் கட்டத்தில் விரலை வைத்தாள். இதுல இன்னும் பேரு போடல என்றேன். கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், பெயர் சேர்ப்புக் கட்டணம் ஆகிய எவ்விதக் கட்டணமும் இன்றி உடன். பேரு சேக்கவும் காசு வேண்டாம்னு இதுலயே எழுதியிருக்கு, என்ன பேரு போடட்டும் என்று கேட்டேன். “நானே சொல்லலாமா?” நீதான் சொல்லணும். மாடிப்படியில் மேலேயிருந்து இரண்டு பேர் இறங்கி வருகிற சத்தம் கேட்டது, பெனிலாவின் செருப்பும் தேவசகாயம் சாரின் ஷூவும். கீழேயிருந்தும் ஒருத்தர் ஏறிக்கொண்டிருந்தார், அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக, மேஜையில் போன் நின்றுவிட்டிருந்தது. பிள்ளைக்கு அந்த நடை தெரியும். செருப்பைக்கூட எடுக்காமல் ரெக்கார்டு ரூமுக்குள் போய்விட்டாள். நான் கதவைச் சாத்தினேன், என் நாற்காலியை இழுத்து அதை ஒட்டிப் போட்டேன், நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கதவில் முதுகு படும்படி உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. “யோசிச்சுச் சொல்லுதேன் மேடம். எவ்வளவு நேரம் இருக்கு?” நெறைய நேரம் இருக்கு, நீ மெதுவா யோசி என்றேன்.